கஜாவில் சாய்ந்த மரங்களும் வீட்டில் கட்டிய பேண்ட்சா மில்லும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. இந்தப் பதிவில் வரும் என் நண்பருக்கு அந்த வட்டாரத்தில்தான் பூர்வீக நிலம். தென்னை பாதிக்கு மேல் போய்விட்டது. பலாவில் பெரிய மரங்கள் வேரோடு புரண்டன. அப்பா காலத்தில் வரப்போரம் வைத்த தேக்கிலும் சில முறிந்தன.

அவர் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அதே பட்டறையில் நானும் வேலை பார்த்தேன். அவர் இயந்திரம் கட்டிய காலத்தில் அடிக்கடி போய்ப் பார்த்திருக்கிறேன், சில நாள் கூட நின்று கட்டை தள்ளியும் இருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற இரும்பு வேலைக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களை மனதில் வைத்தே விவரங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புயலுக்குப் பிறகு வியாபாரிகள் கேட்ட விலை விறகு விலை. பலாவையும் தேக்கையும் அந்த விலைக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. டவுனில் இருந்த அறுவை மில்லுக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஏற்றுகூலி, வண்டி வாடகை, அறுவைக்கூலி என்று போகும், வரிசை வேறு நீளமாக இருந்தது. 2019இல் ஓய்வு பெற்றதும் தானே ஒரு கிடைமட்ட பேண்ட்சா மில் (வளையமான பட்டை ரம்பம் படுக்கைவாட்டில் ஓடிப் பலகை அறுக்கும் இயந்திரம்) கட்டுவது என்று முடிவெடுத்தார். பணிக்கொடைப் பணத்தில் கை வைப்பதால் மனைவி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று கோடு போட்டார். அந்தக் கோடு பல முடிவுகளைத் தீர்மானித்தது.

செயின் சாவில் பலகை அறுக்கலாமே என்று நான் கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். செயின் சா ஒவ்வொரு அறுவைக்கும் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும், பேண்ட்சா பிளேடு 2 மில்லிமீட்டர்தான் தின்னும். 40 சென்டிமீட்டர் உயரக் கட்டையில் ஓர் அங்குலப் பலகை எடுத்தால் முதலாவதில் 12, இரண்டாவதில் 14. தேக்கில் இரண்டு பலகை என்பது சின்ன விஷயம் இல்லை.

இரும்பு வாங்குவதற்கு முன்

அவர் செய்த நல்ல காரியங்களில் முதலாவது, காயலான் கடைக்குப் போகும் முன் வனச்சரக அலுவலகத்துக்குப் போனது. 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு நாடு முழுவதும் மர அறுவை மில்கள் உரிமத்தின் கீழ் வந்தன. 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மரம் சார்ந்த தொழில்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாநில விதிகள் தனி. ‘நம்ம நிலம், நம்ம மரம், யார் கேட்பார்கள்’ என்று நினைத்துக் கட்டியபின் சீல் வைக்கப்பட்டால் போட்ட பணம் அத்தனையும் போச்சு.

அங்கே அவருக்குச் சொல்லப்பட்டதன் சாரம் இது: வெளியார் மரத்தைக் கூலிக்கு அறுத்தால் அது தொழில், உரிமம் வேண்டும். தன் நிலத்தில் விழுந்த மரத்தைத் தன் வீட்டு உபயோகத்துக்கு, நிலையான கொட்டகை எதுவும் போடாமல், நகர்த்தக்கூடிய கருவியில் அறுப்பதற்கு அவர் எழுத்தில் விவரம் கொடுத்துவிட்டுச் செய்யலாம். தேக்கு மரங்களுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் தனியாகச் சான்று வாங்கிக்கொண்டார். இது அவருக்கு, அந்த இடத்தில் கிடைத்த பதில். மற்றவர்கள் தங்கள் சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், வாய்வார்த்தையோடு விடக் கூடாது.

கிணற்று மோட்டாருக்கான இலவச மின்சாரத்தை இதற்கு எடுக்கக் கூடாது என்பது அவருக்கு முன்பே தெரியும். அதனால் மின்மோட்டார் யோசனையையே விட்டுவிட்டு, களை எடுக்கும் பழைய பவர் வீடர் ஒன்றில் இருந்த 9 குதிரைசக்தி டீசல் இன்ஜினை வாங்கினார். எடை 50 கிலோவுக்குள் இருந்ததால் அறுக்கும் தலையின் மேலேயே உட்கார வைக்க முடிந்தது.

கட்டுமானம்

அமைப்பு எளிமையானது. கட்டை தரையோடு அசையாமல் இருக்கும். இரண்டு பக்கமும் ஆங்கிளைக் கவிழ்த்து வைத்த தண்டவாளம். அதன் மேல் இரும்பு கேட்டுக்குப் போடும் பள்ளம் வெட்டிய சக்கரங்களில் அறுக்கும் தலை உருண்டு வரும். தலையில் இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றைச் சுற்றி பிளேடு. தலையை ஏற்றி இறக்க 24 மில்லிமீட்டர் கனமுள்ள (எம்24) இரண்டு மரைத்தண்டுகள், இரண்டையும் சைக்கிள் செயினால் இணைத்து ஒரே கைப்பிடி. ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர். மரையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதால் எப்போதும் மேலிருந்து இறக்கியே அளவை நிறுத்த வேண்டும் என்று தலையிலேயே பெயின்ட்டில் எழுதி வைத்தார்.

பிளேடை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப இயந்திரத்தின் அளவை வைத்தது சரியான வரிசை. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிளேடின் சுற்றளவு 4 மீட்டர் 1 சென்டிமீட்டர், அகலம் 32, கனம் 1.07 மில்லிமீட்டர். 20 அங்குலச் சக்கரங்களை 1.2 மீட்டர் இடைவெளியில் வைத்தால் அது பொருந்தும். இன்ஜின் 3,000 சுற்று, புல்லி 4 அங்குலமும் 12 அங்குலமும், ஆக சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று, பிளேடு விநாடிக்கு 26 மீட்டர் ஓடும். மரம் அறுக்க அது சரியான வேகம்.

சக்கரத்தில்தான் பட்ஜெட் குறுக்கே வந்தது. பழைய சிறு கார் ஒன்றின் 12 அங்குல ரிம், அதில் 145/70 டயர். வெளிவிட்டம் கணக்காக 20 அங்குலம் வரும். ஹப், பேரிங் எல்லாம் சேர்ந்தே வரும், லேத் வேலை மிச்சம். காற்றடித்த டயரின் நடு மேடு பிளேடை இடத்தில் வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. பல நாடுகளில் வீட்டு மில் கட்டுபவர்கள் இப்படிச் செய்கிறார்கள். அவரும் அதையே செய்தார்.

பிளேடை இழுத்து விறைப்பாக்க வேண்டும். எவ்வளவு என்று பலரும் யோசிப்பதில்லை. சதுர மில்லிமீட்டருக்கு 14 கிலோ வீதம், பல்லுக்குப் பின்னால் இருக்கும் முழுப்பட்டைக்கு மட்டும் கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 380 கிலோவுக்கு மேல் வரும். மேலும் கீழும் சேர்த்து ஷாஃப்ட் முக்கால் டன் இழுவையைத் தாங்க வேண்டும். இது தெரியாமல் சன்னச் சதுரக்குழாயில் சட்டம் கட்டி, சட்டமே வளைந்து நின்றதை வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். இவர் 5 அங்குல இரும்புச் சேனலில் கட்டினார். இழுக்க ஒரு மரைத்தண்டும் நட்டும்.

அறுக்கும் இடம் தவிர பிளேடு முழுவதற்கும் தகட்டு மூடி போட்ட பிறகே இன்ஜினை ஏற்றினார். மூடியில்லாத இயந்திரத்தை ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்க மாட்டேன் என்றார். பட்டறையில் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது, பின்னால் கை கொடுத்தது.

முதல் அறுவையும் அலை விழுந்த பலகையும்

2020 பிப்ரவரியில் முதல் பலாக்கட்டையை ஏற்றினார். முதல் ஓரடி கண்ணாடி மாதிரி வந்தது. பாதி தாண்டியதும் பிளேடு கீழே இறங்க ஆரம்பித்து, கடைசியில் மறுபடி மேலே ஏறியது. பலகையை நிறுத்திப் பார்த்தால் நடுவில் அரை அங்குலம் தொய்வு. அடுத்ததும் அப்படியே.

அறுக்கும் இடத்தின் இரு பக்கமும் பிளேடை நேராக ஓட வைக்கும் வழிகாட்டி உருளைகளை அவர் சந்தேகப்பட்டார். இரும்புக்காரருக்கு அதுதான் முதலில் தோன்றும். ரசமட்டம் வைத்து, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, உருளை பிளேடைக் கால் அங்குலம் கீழே அழுத்துகிறதா, பிளேடின் முதுகுக்கும் உருளையின் விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. இன்னும் இறுக்கினார். சற்று நேராக வந்தது. மாலையில் இறுக்கத்தைத் தளர்த்தாமல் விட்டுப் போனார். மறுநாள் ஓட்டியதும் பிளேடு அறுந்தது. துண்டுகள் மூடிக்குள்ளேயே சுருண்டு நின்றன. பல் அடிவளைவில் மெல்லிய விரிசல்கள் வரிசையாக இருந்தன.

கதவு வேலைக்குப் பேசி வைத்திருந்த ஆசாரி அன்று தற்செயலாக வந்திருந்தார். அறுந்த பிளேடை எடுத்து விரலால் தடவிவிட்டு, “பால் பிடிச்சிருக்குண்ணே, தொட்டுப் பாருங்க” என்றார். பிளேடின் இரு முகத்திலும் பலாப்பால் மரத்தூளோடு சேர்ந்து ஒரு கருஞ்சாந்தாகப் படிந்திருந்தது. டயரிலும் அதே. கைரம்பத்தில் பலா அறுக்கும்போது மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே அறுப்பது அவர்கள் வழக்கம் என்றார்.

அந்த ஒரு வார்த்தை கிடைத்ததும் மற்றதை நண்பர் காகிதத்தில் போட்டுவிட்டார். பால் படிந்தால் உராய்வு, உராய்ந்தால் சூடு. 4 மீட்டர் பிளேடு 20 டிகிரி சூடானால் ஒரு மில்லிமீட்டர் நீளும். முழு விறைப்பில் அந்தப் பிளேடு நீண்டிருப்பதே 3 மில்லிமீட்டருக்குள்தான். ஆக வெறும் மரையால் இறுக்கிய பிளேடு, அறுக்க அறுக்க விறைப்பில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அப்போது அலை விழுகிறது. சூட்டில் இருக்கும்போதே கூடுதலாக இறுக்கிவிட்டு நிறுத்தினால், ஆறும்போது அது சுருங்கித் தன்னைத்தானே இன்னும் இழுத்துக்கொள்கிறது. விரிசல் வளர்ந்தது அப்படித்தான்.

மூன்று மாற்றங்கள் செய்தார். இறுக்கும் மரைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே பெல்வில் வாஷர் (கிண்ணம்போல் குழிந்த ஸ்பிரிங் வாஷர்) அடுக்கு வைத்தார், பிளேடு நீண்டால் அது விரிந்து ஈடு கட்டும். ஐந்து லிட்டர் கேனிலிருந்து சோப்புத் தண்ணீர் பிளேடில் சொட்ட விட்டார், பலாவுக்கு மட்டும் ஒவ்வொரு பலகைக்குப் பிறகும் டீசல் துணியால் துடைப்பு. வேலை முடிந்தால் இறுக்கம் தளர்த்தாமல் யாரும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. அலை பெரும்பாலும் மறைந்தது.

மிச்சம் இருந்தது பலகை மேல் ஒரு சின்ன வரி, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப. டயர் முழு வட்டமாக இல்லாததால் வந்தது அது. பழைய டயர் ஒரு சுற்றில் 2 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. அதற்குள் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கடைகள் மூடின. பிளேடும் கிடைக்கவில்லை, இயந்திரம் நின்றது. ஊரடங்கு தளர்ந்ததும் டயர்களைக் கழற்றிவிட்டு, வார்ப்பு இரும்பில் 20 அங்குல பி-பெல்ட் (வி வடிவ ரப்பர் பெல்ட்) புல்லிகளை வாங்கிப் போட்டார். பள்ளத்தில் உட்காரும் பெல்ட் சற்று மேலே துருத்தி நிற்கும், பிளேடு அதன் மேல் ஓடும். வரி போயிற்று. மனைவி போட்ட கோடு இந்த இடத்தில் தாண்டப்பட்டது. டயருக்குச் செலவழிக்காமல் முதலிலேயே இதைப் போட்டிருந்தால் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

தென்னை

இயந்திரம் சரியானதும் மிச்சமிருந்த தென்னையை அறுத்துப் பார்க்க ஆசைப்பட்டார். இதற்குள் பாதிக்கு மேல் மட்கி, காண்டாமிருக வண்டின் புழுக்கள் மேய்ந்திருந்தன. விழுந்த தென்னையை உடனே அப்புறப்படுத்தச் சொல்வதே அந்த வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகும் என்பதால்தான். நிழலில் அடுக்கியிருந்த சில கட்டைகள் மட்டும் நன்றாக இருந்தன.

புது பிளேடு நாலைந்து பலகையிலேயே மழுங்கியது. ஆசாரிக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தேக்கு, பலாவில் வைரம் (முற்றிய கெட்டி மரம்) உள்ளே, தென்னையிலும் பனையிலும் வைரம் வெளியே. தென்னையின் வெளிவட்டம் நல்ல தேக்கைவிடக் கெட்டியாக இருக்கும், நடுவோ பஞ்சு. அதனால்தான் நம் ஊரில் பனஞ்சட்டத்தை வெளிப்பக்கமாகப் பிளந்து எடுத்து, நடுவில் இருக்கும் மெத்தென்ற சோற்றை எறிந்துவிடுவார்கள். வட்டத்தின் குறுக்கே வரிசையாக அறுத்தால் ஒரே பலகையில் ஓரம் கல்லாகவும் நடு நாராகவும் வரும், பிளேடும் அந்த மாற்றத்தில் இழுபடும். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பிளேடு இதற்குத் தாங்கும். சில கட்டைகளுக்காக அதை வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்துத் தென்னையை விட்டுவிட்டார். சரியான முடிவு.

இன்னொரு பிளேடு ஆணியில் போனது. காய்க்காத பலாவில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று யாரோ எப்போதோ அடித்து வைத்தது மரத்துக்குள் மூடிப்போயிருந்தது. வேலியோர மரங்களில் கம்பியும் அப்படித்தான். அதற்குப் பிறகு கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரை வாங்கி, பட்டை உரித்தபின் ஒருமுறை, பாதி அறுத்தபின் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் வந்தது.

உருண்ட கட்டை

இந்த முழு நிகழ்விலும் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பிளேடைப் பற்றி நாங்கள் எல்லோரும் பயந்தோம், கட்டையைப் பற்றி யாரும் பயப்படவில்லை. அரை மீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் பலாக்கட்டை அரை டன்னுக்குப் பக்கத்தில் வரும். அதை இரண்டு சாய்வுக் கட்டைகளில் கடப்பாரை கொண்டு நெம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் தம்பி மகன் கீழ்ப்பக்கம் நின்றான். முட்டுக்கட்டை நழுவிக் கட்டை திரும்பி உருண்டது. பையன் குதித்துவிட்டான், ஆனாலும் ஒரு கால் அகப்பட்டு இரண்டு விரல் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தான். அவன் அம்மா நெடுநாள் இவரோடு பேசவில்லை.

அதன்பின் அறுவை பல வாரம் நின்றது. திரும்பத் தொடங்கும் முன் மூன்று குழாய்களால் முக்காலி நிறுத்தி, ஒரு டன் வரை பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கவிட்டார். சாய்வுக் கட்டைகளில் ஒவ்வோர் அடிக்கும் பின்னோக்கி உருளாதபடி இரும்புக் கொண்டி வைத்தார். கட்டை ஏறும்போது கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது, தனியாக யாரும் அறுக்கக் கூடாது என்பவை விதியாயின. அறுபது வயதுக்கு மேல் கையின் பலம் குறையும், விலகும் வேகமும் குறையும். கட்டை தூக்கும் ஏற்பாட்டை இயந்திரத்தின் ஒரு பாகமாகவே வரைபடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பலகை காய்ந்த பிறகு

2020 கடைசிக்குள் பலாவும் தேக்கும் அறுத்து முடிந்தது. முனைகளில் பெயின்ட் அடித்து, பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டை வைத்து, காற்றோடும் நிழலில் அடுக்கினார். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், விலகினால் பலகை அந்த இடத்தில் வளையும். பலாவின் வெள்ளைப் பகுதியில் துளைக்கும் பூச்சி வராமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசினார்கள்.

ஓர் ஆண்டு கழித்து ஆசாரி கதவு வேலைக்கு எடுத்தபோதுதான் அடுத்த சிக்கல். பெரும்பாலான பலகைகள் அச்சாக ஓர் அங்குலத்துக்கு அறுக்கப்பட்டிருந்தன. காய்ந்து சுருங்கி, இரண்டு முகமும் இழைத்தபின் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே நின்றது. கதவுச் சட்டத்துக்கு அது ஆகாது. வாசல் நிலைக்கு அறுத்ததில் மரத்தின் நடுமையம் உள்ளே மாட்டிய இரண்டு துண்டுகள் நெடுக வெடித்திருந்தன. ஆசாரி கோபப்படவில்லை. “அறுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணே” என்றார். இரும்பில் வரைபடத்து அளவே கடைசி அளவு, மரத்தில் அறுக்கும் அளவு வேறு, காய்ந்த அளவு வேறு, இழைத்த அளவு வேறு. சன்னமானவை அலமாரிக்கும் பரணுக்கும் போயின. தேக்கில் கனமாக எடுத்து வைத்திருந்தவை மகள் வீட்டு வாசல் நிலையும் கதவும் ஆயின.

அக்கம்பக்கத்தில் பலர் கட்டையோடு வந்தார்கள், கூலியும் தருவதாகச் சொன்னார்கள். சொந்தக்காரர்களும் வந்தார்கள், மறுப்பது எளிதாக இல்லை. சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததை மீற மாட்டேன் என்று எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னார். இதில் அவர் உறுதியாக நின்றதை நான் மதிக்கிறேன்.

மறுபடி கட்டினால்

அவரிடம் இதைக் கேட்டேன். ஆசாரியை முதல் நாளே கூட உட்கார வைப்பேன், எந்த மரம், எந்தக் கனம், எந்தப் பக்கம் திருப்பி அறுப்பது என்று பட்டியல் போட்டபிறகே தண்டவாளம் பதிப்பேன் என்றார். கார் டயர் வேண்டாம், நேராகப் புல்லி. இறுக்கும் இடத்தில் ஸ்பிரிங் வாஷர் ஆரம்பத்திலிருந்தே. பிளேடு ஒன்றிரண்டு வாங்காமல் ஒரே தடவையில் அரை டஜன், மழுங்கினதைச் சேர்த்துவைத்துத் தீட்டக் கொடுப்பது. தீட்டுவதோடு பல்லை மாறி மாறி அரை மில்லிமீட்டர் சாய்த்து வைக்கவும் ஆள் வேண்டும், அகலமான பிளேடில் பழகிய மில்காரர்கள் எல்லோரும் இந்தச் சின்னப் பிளேடை எடுப்பதில்லை.

என் தரப்பில் இரண்டு சேர்ப்பேன். காதடைப்பான் அவர் முதலிலிருந்தே போட்டார், தூசிக்கு முகக்கவசம் கொரோனா வந்தபிறகுதான் வந்தது, அது முதல் நாளே வேண்டும். சாய்ந்த மரத்தை எப்போது அறுப்பது என்பதையும் மரவாரியாகப் பிரிக்க வேண்டும். பலாவின் வைரமும் தேக்கும் பட்டை உரித்து, தரையில் படாமல் மேடையேற்றி வைத்தால் ஓராண்டு பொறுக்கும். தென்னை பொறுக்காது. அதை இயந்திரம் தயாராகும்வரை வைத்திருக்க நினைக்காமல், கேட்ட விலைக்கு அப்போதே கொடுத்துத் தோப்பைச் சுத்தம் செய்துவிட வேண்டும். இவருடைய தோப்பில் பிழைத்து நின்ற தென்னைகளில் வண்டு விழுந்ததற்கு, அடுக்கி வைத்த அந்தக் கட்டைகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.